அலையிலிருந்து நடந்து வந்த கால்கள்

பாறை இடுக்கில் சிக்கி ஒரு நண்டுக்குக் காலில் காயம் பட்டது. அன்றிலிருந்து அது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தது. அக்கம்பக்கத்து நண்டுகள் இரக்கப்பட்டு, தினமும் இரை கொண்டுவந்து அதன் வளைவாசலில் வைத்தன. நாளடைவில் காயம் ஆறியது. இரை வருவது மட்டும் நிற்கவில்லை. நண்டு யோசித்தது. யாராவது பார்த்தால் சாய்ந்து நடந்தது. யாரும் இல்லாதபோது நேராக நடந்து பார்த்துக்கொண்டது. ஒருநாள் கடல் பொங்கியது. எல்லா நண்டுகளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின. எல்லோருக்கும் முன்னால், கோடு போட்டதுபோல் நேராக ஓடியது அந்த நண்டுதான்.

கதை இத்துடன் முடிகிறது. "அப்புறம் மத்த நண்டெல்லாம் என்ன பண்ணிச்சு சார்?" என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை. இந்த வாரம் நம் அறிவியல் ஆசிரியைக்கு அந்தப் பதில் மிகவும் தேவைப்படுகிறது.

சென்ற வாரம் அவளைத் தோழிகள் இருவருடன் பேருந்தில் ஏற்றிவிட்டு நாம் விடைபெற்றோம். திருமணத்துக்குப் பிறகு குடும்பம் இல்லாமல் அவள் போகும் முதல் பயணம் அது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; கடையை விட்டு நகரமாட்டார். மாமியார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் படியில் விழுந்து இடது தொடையெலும்பை முறித்துக்கொண்டவர். நான்கு கால் வாக்கரைப் பிடித்தபடி கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குமாக வாழ்பவர். கோடையில் பத்து நாட்கள் மகள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவாள். அந்தப் பத்து நாட்களில் மூன்றை மருமகள் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கைப்பையில் மூன்று நாள் துணியோடு ஒரு கேள்வியும் இருந்தது. மலைப்பகுதியில் இருக்கும் கிளைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வருகிறாயா என்று தாளாளர் இரண்டாம் முறையாகக் கேட்டிருந்தார். முதல் முறை அழைத்தபோது, மாமியாரின் கால்களை எண்ணி மறுத்துவிட்டாள். இந்த முறை மறுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். புறப்படுவதற்கு முன் கணவரிடம் கேட்டாள். அவர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என்னைக் கேக்காத. அம்மாவோட காலைப் பாத்து நீயே முடிவு பண்ணு."

எவ்வளவு பெரிய மனது என்று நெகிழ்ந்துபோனாள்.

மூவரும் முன்பதிவு செய்திருந்த விடுதியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கணக்காசிரியை வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் விகிதாசாரம், சதவீதம் எல்லாம் பேசி, கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த ஊர்க் கடற்கரைக்குத் தோழிகளை நடத்திப் போனாள். ஆகவே அவர்கள் அந்தப் பிற்பகலில் எந்தக் கடலின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

வாடகைக் குடைக்கு அடியில் மூன்று சாய்வு நாற்காலிகள். பெயர்தான் விடுமுறை. ஆசிரியைகளின் கண்களுக்கு விடுமுறை ஏது? அலையில் ஆடிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத குடும்பத்துப் பிள்ளைகளைக் கணக்காசிரியை தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். உடற்கல்வி ஆசிரியையோ, பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயருக்கு ஏற்ப, கடலுக்கு வந்தும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருந்தாள். விசில் டீச்சர் என்றால் பள்ளியே அறியும். அது இல்லாமல் வந்தால் கழுத்து குளிருகிறது என்று அவள் சொன்னதற்கு மற்ற இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

கணக்காசிரியை திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஏழு தலை இருந்துச்சுடி. இப்போ ஆறுதான் தெரியுது."

இருபது ஆண்டுப் பழக்கம் யோசிக்க நேரம் தருவதில்லை. விசில் டீச்சர் எழுந்து நின்று, பள்ளி மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும்படி மூன்று முறை நீளமாக ஊதிவிட்டாள்.

ஏழாவது தலை தன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அந்தக் கடற்கரையில் மூன்று நீண்ட விசில் என்றால், அலை உள்ளே இழுக்கிறது, உடனே வெளியே வா என்று அர்த்தமாம். நுழைவாயிலில் பெரிதாக எழுதி வைத்திருந்ததை, எல்லோரையும் படிக்கச் சொல்லும் மூன்று ஆசிரியைகளும் படிக்கவில்லை.

கடல் காலியானது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அப்பாக்கள் ஓடிவந்தார்கள். மிதவைகள் அலையில் தனியே நின்றன. இளைஞர்கள், கிழவர்கள், புதுமணத் தம்பதியர் என்று ஒரு கூட்டமே தண்ணீரை உதைத்துக்கொண்டு கரையேறியது. விசில் டீச்சர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். கணக்காசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அங்க பாரு, அந்தப் பெரியம்மாவை. நம்மளை விட நல்லா ஓடுறாங்க."

அறிவியல் ஆசிரியையும் பார்த்தாள். கூட்டத்தின் முன்வரிசையில், நனைந்த உடையை இரு கைகளாலும் முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வைக்கோல் தொப்பி அணிந்த ஓர் அம்மாள் ஓடிவந்துகொண்டிருந்தார். அலை அரித்து வைத்திருந்த சிறு பள்ளத்தை ஒரே தாவலாகத் தாண்டினார். இடது முழங்கால் அழகாக மடங்கி நீண்டது. இந்த வயதில் எவ்வளவு ஆரோக்கியம் என்று நம் ஆசிரியை மனதுக்குள் பாராட்டவும் செய்தாள்.

அந்த அம்மாள் ஈரமணல் தாண்டி நின்று மூச்சு வாங்கினார். கழுத்தில் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து, உடையின் உலர்ந்த ஓரத்தில் துடைத்து, மூக்கில் மாட்டினார். கத்தரிப்பூ நிறச் சட்டம். இடது காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்று சொன்னதால் கணவர் தம் கையாலேயே சூடு காட்டி வளைத்துக் கொடுத்த சட்டம்.

கண்ணாடி வழியாக அவர் கரையை ஒருமுறை பார்த்தார். குடையைப் பார்த்தார். குடைக்கு அடியில் எழுந்து நின்ற மருமகளைப் பார்த்தார்.

பிறகு நடந்ததை அறிவியல் ஆசிரியையால் மறக்கவே முடியாது. மாமியாரின் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் நீண்டு, அங்கே இல்லாத வாக்கரைத் தேடின. இடது தோள் சரிந்தது. இடது கால் மணலில் இழுபட்டது. அப்படி இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில், அது எவ்வளவு வீண் என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். நின்றுவிட்டார். கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"அத்தை," என்றாள் மருமகள்.

இதற்குள் கடற்கரைக் காவலர் வந்து, விசில் ஊதியது யார் என்று கேட்டு, விசில் டீச்சரை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதுபோல் தனியே அழைத்துப் போனார். வாழ்நாளில் முதல்முறையாக அவளிடமிருந்து ஒருவர் விசிலைப் பறிமுதல் செய்தார். வேறொரு நாளாக இருந்தால் மற்ற இருவரும் அதைச் சொல்லிச் சொல்லியே ஆண்டுவிழா நடத்தியிருப்பார்கள். இன்று ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு அங்கே வந்து சேர்ந்தாள் கணவரின் அக்கா. தம்பி மனைவியைக் கண்டதும் அப்படியே உறைந்தாள். ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வழியாக ஒழுகுவதுகூடத் தெரியாமல், அவசர அவசரமாக ஏதேதோ சொல்லத் தொடங்கினாள். அம்மாவுக்குக் கடல் பார்க்க ஆசையாம். அதனால் இரண்டு நாள் அறை எடுத்திருக்கிறார்களாம். உப்புத் தண்ணீர் எலும்புக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். இன்றைக்குத்தான், இப்போதுதான், கொஞ்சம் நடக்க வந்ததாம்.

"அண்ணி, அத்தை பள்ளத்தைத் தாண்டிக் குதிச்சாங்க. நான் பாத்தேன்."

அண்ணி வாயை மூடிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். தனக்கும் போன கோடையில்தான் தெரியவந்ததாம். தன் வீட்டுச் சமையலறையில், மேல் பரணில் இருந்த பாத்திரத்தை அம்மா நாற்காலி மேல் ஏறி எடுத்ததைப் பார்த்துவிட்டாளாம். வயதானவர்கள், தம்மைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற பயத்தில் ஏதோ செய்துவிட்டார்கள் என்று நினைத்து, சொல்லாமல் விட்டாளாம்.

"தம்பிக்கு மட்டும் தெரிய வேணாம். உன் கால்ல வேணாலும் விழறேன். அம்மான்னா அவனுக்கு உயிரு. தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவான்."

அறிவியல் ஆசிரியை மணலில் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் வேறொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் மாமியாரின் கால்களை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிடுவாள். உழைக்காத தசை சுருங்கிப்போகும் என்று எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் பாடம் நடத்துபவள் அவள். படம் வரைந்து பாகம் குறிக்க வைப்பாள். குறிக்காத பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பாள். அதே கையால் தினமும் அந்தக் கெண்டைக்கால் சதையைப் பிடித்திருக்கிறாள். அது கல் மாதிரி இறுகியே இருந்தது. சுருங்கவே இல்லை. அதற்கு அவள் கண்டுபிடித்த காரணம் என்ன தெரியுமா? தன் கைப்பக்குவம். தான் தேய்த்துவிடுவதால்தான் தசை இவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று ஆசிரியர் அறையில் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

கணக்காசிரியைக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொட்டை மாடிச் செடிக்குத் தண்ணி ஊத்தினது யாரு அத்தை?"

எதிர்பாராத கேள்வி. மாமியார் கயிற்றில் தொங்கிய கண்ணாடியைத் திருகினார்.

"நான்தான். நீங்க ரெண்டு பேரும் போனதும் ஏறிப் போவேன். பகல் பூரா எவ்வளவு நேரம்தான் உக்காந்தே இருக்கிறது?"

வருடம் முழுவதும் அந்தச் செடிகள் வாடாமல் இருந்ததற்கு அவள் கணவருக்கு நன்றி சொல்லியிருந்தாள். கடையில் அவ்வளவு வேலைக்கு நடுவிலும் வந்து ஊற்றிவிட்டுப் போகிறாரே என்று. அவரும் சிரித்தபடி அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்படியென்றால்? அந்தச் சிறு முள் நெஞ்சில் தைத்தது. ஆனால் அவள் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. தாயை நம்பி ஏமாந்த பிள்ளை, பாவம், கூச்சத்தில் சிரித்திருப்பார் என்று அந்த நிலையிலும் அவருக்காகவே பேசியது அவள் மனம். அவருக்கு இதைச் சொல்லாமல் தன்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று தோன்றியது. பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்தாள். அண்ணி கையைப் பிடித்தாள். ஐஸ்கிரீம் பிசுபிசுப்போடு இரண்டு கைகளும் இழுபட்டன.

"விடுடி அவளை," என்றார் மாமியார். மகளிடம்தான் சொன்னார். "அவனுக்குத் தெரியும்."

அண்ணியின் பிடி தளர்ந்தது.

"என்னம்மா சொல்ற?"

மாமியார் மருமகளை எப்போதும் டீச்சரம்மா என்றுதான் அழைப்பார். கேலியாகத் தொடங்கிய சொல், பிறகு பாசமாகிவிட்டது. இப்போதும் அப்படித்தான் அழைத்தார்.

"உக்காரு டீச்சரம்மா. ஓடிப்போக எனக்கு இப்போ எடமும் இல்ல, மொகமும் இல்ல. கேட்டுக்கோ."

அவர் சொன்னது இது. விழுந்து நான்கு மாதம் கழித்து, மருத்துவரிடம் காட்டும் நாளில் மருமகளுக்குத் தேர்வு மேற்பார்வை. மகன்தான் காரில் அழைத்துப் போனார். எலும்பு கூடிவிட்டது, வாக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு நடங்கள் என்று மருத்துவர் கை கொடுத்தார். வரும் வழியெல்லாம் மகன் பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் தாளாளரின் முதல் அழைப்பு வந்திருந்தது. அவளுக்குப் பெரிய பதவி வந்திருக்கிறது, நீ எழுந்து நடந்தால் அவள் போய்விடுவாள் என்றார் மகன். ஒரே ஒரு மாதம், அவள் மறுத்துப் பதில் சொல்லும் வரை, இப்படியே இரு என்றார்.

"ஒரு மாசம்னு சொன்னான். அப்புறம் எந்த மாசம் எழுந்து நடக்கிறது? என்ன சொல்லி நடக்கிறது? நாளாக ஆக வாய் தெறக்க முடியல."

"நீங்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொல்லியிருக்கலாம்." மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லல. அவன் மேல முழுசாப் பழி போட மாட்டேன். நீ போயிட்டா அந்த வீட்ல அவனும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவன் பேசமாட்டான். எனக்குப் பேச ஆள் வேணும். நீ காலைத் தேச்சுவிட்டுக்கிட்டே உங்க ஸ்கூல் கதையெல்லாம் சொல்லுவியே, அதுக்காகவே பொழுது சாயட்டும்னு காத்துக்கிட்டு இருப்பேன். அது தப்புதான். தெரிஞ்சுதான் பண்ணினேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் மருமகளுக்குக் கோபப்படுவதாவது எளிதாக இருந்திருக்கும்.

அண்ணிதான் அழுதாள். தான் ஒரு வருடமாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய ரகசியம், யாரிடமிருந்து காப்பாற்றினாளோ அவனுடையதே என்று தெரிந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

அறிவியல் ஆசிரியை எழுந்து அலையோரமாக நடந்தாள். மாலை நெருங்கிக்கொண்டிருந்தது, விசில் விவகாரம் அடங்கி மக்கள் மறுபடி தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். அவள் நினைத்துப் பார்த்தாள். அம்மாவின் காலைப் பார்த்து முடிவு செய் என்று கணவர் சொன்னார் அல்லவா? எந்த நம்பிக்கையில் சொன்னார்? அந்தக் கால்கள் அவர் சொல்லைத் தட்டா என்ற நம்பிக்கையில். கண்ணாடியைத் துடைத்தாரே, அந்தக் கை நடுங்கவே இல்லை. போக வேண்டாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், சண்டை போட்டிருப்பாள். ஒருவேளை போகாமலும் இருந்திருப்பாள். அந்த வாய்ப்பைக்கூட அவர் தரவில்லை.

பின்னால் விசில் டீச்சர் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கணக்காசிரியை சொல்லியிருக்க வேண்டும்.

"அழணும்னா அழு. கத்தணும்னா கத்து. விசிலைத் திருப்பித் தந்திருந்தான்னா அதையே உன்கிட்ட குடுத்திருப்பேன்."

அறிவியல் ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. தேநீரைக் குடித்து முடித்தாள். கோப்பையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் முதலில் தாளாளரை அழைத்தாள். கிளைப் பள்ளிக்கு வருகிறேன் என்றாள். வீட்டில் சம்மதமா என்று அவர் வழக்கம்போல் கேட்டார். முடிவைத் தன்னிடமே விட்டுவிட்டார்கள் என்று அவள் சொன்னாள். பொய் இல்லை. தாளாளர் மகிழ்ந்து, ஜூன் முதல் வாரமே பொறுப்பேற்கச் சொன்னார்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதமாகத் தலைமையாசிரியையானவள் குடைக்குத் திரும்பி வந்தாள். மாமியாரும் அண்ணியும் அங்கேயே இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டுக் கணவரை அழைத்தாள். கடைக் கதவின் மணிச் சத்தம் கேட்டது. யாருக்கோ கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கடல் எப்படி இருக்கிறது, வெயிலில் அலையாதே என்று அன்பாகவே பேசினார்.

அவள் இடைமறித்தாள்.

"நீங்க சொன்னபடியே அத்தையோட காலைப் பாத்துட்டேங்க. இப்போ என் எதிர்லதான் நிக்குறாங்க. வாக்கர் இல்லாம. தாளாளர்கிட்ட வரேன்னு சொல்லிட்டேன்."

மறுமுனையில் வாடிக்கையாளர் ஏதோ கேட்பதும், அவர் பதில் சொல்லாததும் கேட்டது. அவர் மறுப்பார், மன்னிப்புக் கேட்பார், அல்லது அம்மாவின் மேல் பழி போடுவார் என்று அவள் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்.

அவர் அவற்றில் எதையும் செய்யவில்லை. கேட்டது ஒரே கேள்வி. அதையும் மெல்லிய குரலில் கேட்டார்.

"அம்மா உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா?"

"எல்லாத்தையும்னா?" என்றாள் அவள்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் தலை நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். அண்ணியும் தன் தாயைப் பார்த்தாள். கடலிலிருந்து ஓடிவந்த, பள்ளம் தாண்டிய, மாடிப்படி ஏறிய அந்தக் கால்கள் மெல்ல நடுங்கின. மாமியார் பற்றிக்கொள்ள எதையோ தேடிக் கையை நீட்டினார். குடைக்கம்பு எட்டவில்லை. அப்படியே மணலில் சரிந்து உட்கார்ந்தார்.

இந்த முறை அவர் நடிக்கவில்லை.

(தொடரும்)